தாள் போயிற்று, குறிப்பு போகவில்லை!

கணிப்பொறியில் ஒரு சிறுவனை வரைந்து, அவனைக் கையசைக்கச் செய்ய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடலை ஓர் அடுக்கிலும், கையை மற்றோர் அடுக்கிலும், நிழலை வேறோர் அடுக்கிலும் தீட்டுகிறீர்கள். ஃபோட்டோஷாப் மென்பொருளில் இவ்வசதி 1994-இல் வெளிவந்த 3.0 பதிப்பில் வந்தது. பிறகு அடுக்குகளை அசைவூட்டும் மென்பொருளுக்கு அனுப்புகிறீர்கள். அங்கே திறந்து பார்த்தால், கை தோளில் இல்லை; திரையின் நடுவே கிடக்கிறது. நிழலோ சாம்பல் பூசியதுபோல் முகத்தை மறைக்கிறது. பல நாள் உழைப்பு இப்படியா ஆக வேண்டும்? குற்றம் யாருடையது?

விடை காணப் பழைய முறையைச் சற்று நினைவுகூர்வோம். 1914-இல் அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட், ஒளிபுகும் செலுலாய்டு தாள்களில் உருவங்களை வரைந்து, பின்னணியின்மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். இம்முறை வளர்ந்தபோது, கேமராவுக்குத் தாள்கள் மட்டும் போகவில்லை. தாளின் ஓரத்தில் துளைகள் இருந்தன. அவற்றை முளைகளில் மாட்டினால் தாள் இம்மியும் பிசகாது. எந்தத் தாள் எதன்மேல் வரவேண்டும் என்று கூறும் குறிப்புத்தாளும் உடன் போயிற்று.

இன்று பலரும் கையாளும் வழி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனிப் பிஎன்ஜி படமாகச் சேமிப்பதாகும். எளிய வழிதான், ஆனால் குறையுள்ள வழி. வெற்றுப் பகுதியை வெட்டிவிட்டால், கை இருந்த இடம் தெரியாது. துளை தொலைந்தது எனலாம். கோப்புகள் பெயர் வரிசையில் நின்றால், மேல் கீழ் என்னும் முறையும் தொலைந்தது. நிழலைப் பாருங்கள். ‘பெருக்கல்’ முறையில் தோலின் ஒளி அளவு 0.8, நிழலின் அளவு 0.5 எனில், விளைவு 0.4. தோல் சற்று இருண்டு தெரியும். ‘பெருக்கு’ என்னும் ஆணை உடன் போகாவிட்டால், 0.5 அளவுள்ள சாம்பல் நிறமே தோலை மூடிவிடும்.

2006-இல் முன்வைக்கப்பட்ட ஓப்பன்ராஸ்டர் இக்குறையை உணர்ந்த அமைப்பு. ஒரே பொட்டலத்தில் பிஎன்ஜி படங்களும், அவற்றின் வரிசை, இடம், கலக்கும் முறை ஆகியவற்றைக் கூறும் குறிப்பும் உள்ளன. அக்குறிப்பை எவரும் படிக்கலாம். பாராட்டத்தக்கதே! எனினும் எல்லா அசைவூட்டு மென்பொருள்களும் அதை ஏற்பதில்லை. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைப் பல மென்பொருள்கள் ஏற்கின்றன. ஆனால் அதிலுள்ள ஒளிவட்டம் போன்ற விளைவுகளை எல்லாம் அப்படியே காட்டும் என்று நம்பிவிடக் கூடாது.

ஓவியர் பக்கமும் ஒரு குறை உண்டு. கைக்குப் பின்னால் மறைந்த சட்டையைத் தீட்டாமல் விட்டால், கை உயரும்போது அங்கே ஓட்டை தெரியும். இதை எந்தக் கோப்பு அமைப்பும் சரிசெய்யாது.

ஆகவே நண்பர்களே, முழுப் படத்தையும் தீட்டுமுன் மூன்று அடுக்குகளை மட்டும் அனுப்பிப் பாருங்கள். கை தோளில் நிற்கிறதா? நிழல் நிழலாகவே இருக்கிறதா? ஆம் எனில் தொடருங்கள். வண்ணத்தை மட்டும் கொண்டுசேர்ப்பது பாதி வேலையே. அடுக்குகளின் உறவையும் கொண்டுசேர்ப்பதே முழு வேலை.