மணிமேகலையின் மூன்று மந்திரங்கள்

மணிமேகலை என்றதும் நம் நினைவுக்கு வருவது அமுதசுரபி. பசிப்பிணி தீர்த்த அறச்செல்வி என்று கூறிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். தோட்டப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளாக நானும் அவ்வாறே முடித்து வந்தேன். சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, அவளுக்குத்தான் பறக்கத் தெரியுமே! அந்த இளவரசனை விட்டுப் பறந்து போயிருக்கலாமே?” என்றாள். மணி அடித்துவிட்டதால் தப்பினேன். வீட்டிற்கு வந்ததும் காப்பியத்தை மீண்டும் விரித்தேன்.

மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அருளுகிறது: வேற்றுருக் கொள்ளல், வான்வழிச் செல்லல், பசியை ஒழித்தல். நெஞ்சை அடக்கும் மந்திரம் இவற்றுள் இல்லை. சாத்தனார் அதனை வேண்டுமென்றே விட்டார் என்பதே என் துணிபு. உவவனத்தில் இளவரசன் உதயகுமரன் அகன்றபின், தன் நெஞ்சு அவன் பின்னே போனதை அவள் தோழி சுதமதியிடம் மறைக்கவில்லை. முற்பிறப்பில் அவன் தன் கணவன் இராகுலன் என்பதையும் பின்னர் அறிகிறாள். எங்குப் பறந்தாலும் அந்நெஞ்சும் உடன் வருமன்றோ?

அசகான் பக்கம் நின்றால் கண்ணெதிரே தெரிவது லேடாங் மலை. அம்மலை இளவரசியைச் சுல்தான் மகமூது பெண் கேட்ட கதையைச் செஜாரா மெலாயு கூறும். பொற்பாலம், வெள்ளிப்பாலம், ஏழு தட்டுக் கொசு இதயம், இறுதியில் இளவரசனின் குருதி ஒரு கிண்ணம் என்று அவள் கேட்க, மன்னன் விலகினான். மலைமேல் இருந்தவளுக்கு மறுப்பது எளிதாயிற்று. மணிமேகலையோ ஊருக்குள் இருந்துகொண்டே மறுக்க வேண்டியவள். தாய் மாதவி அங்கே இருந்தாள். பாட்டி சித்திராபதி குலத்தொழிலுக்கு இழுத்தாள். உலக அறவியில் பசித்தவர் காத்திருந்தனர்.

ஆதலின் அவள் பறக்கவில்லை. உணவிடும் பணி நிற்காதிருக்கக் காயசண்டிகையின் உருவை மேற்கொண்டாள். அவ்வேடமே கேடாய் முடிந்தது. தன் மனைவியை இளவரசன் நாடுகிறான் என எண்ணிய காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவனை வாளால் வெட்டினான். அழுது அருகே செல்ல முயன்றவளைக் கந்திற்பாவை தடுத்தது.

இவ்விடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. முற்பிறப்பில் உதயகுமரன் மடையன் ஒருவனைக் கொன்றான். அவ்வினையே இது என்று பாவை விளக்குகிறது. கணக்கு நேராகிறது, கண்ணீர் நிற்கவில்லை. அந்தத் துயருக்கு மெய்யான விடை பின்னரே வருகிறது. காயசண்டிகையின் உருவில் இருந்தபோதே அவள் மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியிருந்தாள். மகனை இழந்த அரசி அவளுக்குப் பல கொடுமைகள் இழைத்தாள். மந்திர வலியால் தன்னைக் காத்துக்கொண்டாளேயன்றி அவள் பழிவாங்கவில்லை. அரசிக்கு ஆறுதலும் கூறினாள். ஒருவனுக்காக அழுத நெஞ்சு எல்லா உயிர்க்கும் இரங்கக் கற்றுக்கொண்டது.

தாய் வேலைக்குப் போனபின் சோறு வடித்துத் தம்பியைப் பார்த்துக்கொண்டு, படிப்பையும் விடாத பெண்பிள்ளைகளை எங்கள் வகுப்பறைகளில் நாளும் காண்கிறேன். அவர்களுக்கு அமுதசுரபியை மட்டும் காட்டினால் கொடுத்துக்கொண்டே இரு என்றுதான் சொன்னவராவோம். கொடுத்தவளுக்கும் ஒரு நெஞ்சம் இருந்தது. அதனைச் சொல்ல ஒரு சுதமதியும் இருந்தாள். அதையும் சேர்த்துக் கற்பிப்போம். அம்மாணவிக்கு நான் கூறிய விடை இதுவே.