நோயாளி வரும்வரை காத்திருக்கும் கண்காணிப்பு

கொல்கத்தாவின் பேலியாகாட்டா தொற்றுநோய் மருத்துவமனையில் வயிற்றுப்போக்கோடு சேர்பவர்களின் மலத்தைச் சோதித்து, எந்தக் கிருமி என்று பதிந்து வைக்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அதைச் செய்வது பேலியாகாட்டாவிலேயே இயங்கும், தேசிய காலரா மற்றும் குடல்நோய்கள் நிறுவனம் என்று நெடுங்காலம் அறியப்பட்ட ஆய்வு நிறுவனம். 1962இல் காலரா ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1979இல் இந்தப் பெயரைப் பெற்றது. செய்தித்தாளில் இடம்பிடிக்காத வேலை இது. ஆனால் கடலுணவு வழியாகப் பரவும் வாந்திபேதியைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு இந்தப் பொறுமையிலிருந்து வந்தது.

விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் காலராக் கிருமியின் நெருங்கிய உறவு. உப்புநீரிலும் கழிமுகத்திலும் வாழும். இறால், நண்டு, சிப்பி, மீன் வழியாக வயிற்றுக்குள் போகும். 1950இல் ஒசாகாவில் அரைகுறையாகக் காய்ந்த பொடிமீன் தின்ற 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது ஃபுஜினோ என்ற ஆய்வாளர் இதைப் பிரித்தெடுத்தார். பேலியாகாட்டாவில் 1994 ஜனவரியில் இந்தக் கிருமியைக் குறிவைத்துத் தேடத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, வகைவகையாகக் கிடைத்துவந்தது. 1996 பிப்ரவரியில் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. அதுவரை அங்கே கிடைத்திராத ஓ3:கே6 என்ற வகை, ஆகஸ்டு வரையிலான மாதங்களில் கிடைத்தவற்றில் 50 முதல் 80 விழுக்காடாக இருந்தது. அந்த நிறுவனத்தின் பாலகிருஷ் நாயரும் ஜப்பானின் நிஷிபுச்சியும் அடங்கிய ஆய்வுக் குழு 1997இல் இதை வெளியிட்டது.

இந்த முறையின் வலிமை 1996இல் இல்லை. ஒன்றுமே நடக்காத 1994, 1995இல் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுப் பதிவு இல்லையென்றால் 1996 இன்னொரு மோசமான பருவமாகக் கடந்துபோயிருக்கும். பிறகு 1998இல் டெக்சஸின் கால்வெஸ்டன் விரிகுடாச் சிப்பிகளைத் தின்று 416 பேர் நோயுற்றபோதும், சிலியில் ஆயிரக்கணக்கானோர் படுத்தபோதும், அங்கே கிடைத்ததை ஒப்பிட்டுப் பார்க்க கொல்கத்தாவின் மாதிரிகள் கையில் இருந்தன. அதுவரை ஒவ்வோர் ஊரிலும் பலவகையாகச் சிதறிக் கிடந்த ஒரு நோய், ஒரே குலமாகக் கண்டங்களைத் தாண்டுவது அப்போதுதான் தெரிந்தது.

இதே வெற்றி ஒரு தவறான முடிவுக்கும் இடம் கொடுத்தது. இந்தக் குலம் கொல்கத்தாவில் பிறந்து உலகுக்குப் போனது என்று பலர் எழுதினார்கள். ஆனால் 1995இலேயே இந்தோனேசியாவிலிருந்து ஜப்பான் வந்த பயணி ஒருவரிடம் இதே குலம் கிடைத்திருக்கிறது. தேடுபவர் இருக்கும் ஊரில்தான் கிருமி அகப்படும். அகப்பட்ட ஊரைப் பிறந்த ஊர் என்று சொல்ல அந்தப் பதிவேடு சாட்சியாகாது.

பெயரிடும் முறையிலும் குறை உண்டு. ஓ, கே என்பவை கிருமியின் மேலுறையை வைத்துத் தரும் அடையாளங்கள். சில ஆண்டுகளுக்குள் அதே குலம் ஓ4:கே68 என்றும் வேறு உறைகளோடும் கொல்கத்தாவிலேயே தோன்றியது. உள்ளே இருந்தவன் அவனே, சட்டைதான் வேறு. மரபணுவையும் பார்த்ததால் தப்பினோம். உறையை மட்டும் நம்பியிருந்தால் குலம் மறைந்துவிட்டது என்றே பதிவாகியிருக்கும். வீரியத்தை அளப்பதும் அப்படித்தான். இரத்தச் சிவப்பணுக்களைத் துளைக்கும் டிடிஎச் நச்சு இருந்தால் ஆபத்தான கிருமி என்பது நெடுநாள் அளவுகோல். 2003இல் முழு மரபணுத்தொகுதி படிக்கப்பட்டபோது, குடல் செல்லுக்குள் ஊசிபோலப் புரதங்களைச் செலுத்தும் அமைப்புகள் இரண்டு இருப்பது தெரிந்தது. முயல்குட்டிகளில் செய்த ஆய்வில், டிடிஎச் இல்லாமலும் நோய் வந்தது. இரண்டாம் ஊசியமைப்பு இல்லாமல் வரவில்லை.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். என்னை உறுத்துவது வேறு. இந்தக் கண்காணிப்பு நோயாளி வாசலுக்கு வந்தபின் தொடங்கி, அவர் வீடு திரும்பும்போது முடிந்துவிடுகிறது. எந்தச் சந்தையில் வாங்கிய மீன், எத்தனை மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்ற கேள்விகளுக்கு அதில் கட்டமே இல்லை. ஏற்ற சூட்டில் இக்கிருமி பத்து நிமிடத்துக்குள் இரட்டிக்கும் என்பதால் அந்த மணி நேரங்கள்தான் நோயைத் தீர்மானிப்பவை. வங்காளிகள் மீனைப் பச்சையாகத் தின்பவர்கள் அல்லர். கடுகெண்ணெயில் பொரித்து, குழம்பில் கொதிக்கவிடுபவர்கள். கொதியில் கிருமி சாகும். அப்படியென்றால் மீன் அறுத்த அரிவாள்மனை, கழுவிய நீர், அதே கையால் தொட்ட சோறு என்றுதான் ஐயம் போகிறது. கொல்கத்தாவின் நன்னீர் நிலைகளிலும் நன்னீர் மீன்களிலும்கூட இது இருப்பதை அதே நிறுவனத்தார் 1985இலேயே காட்டியிருந்தார்கள். ஆக, கடல்மீனை மட்டும் தவிர்க்கச் சொல்வதும் போதாது.

ஜப்பான் மறுமுனையிலும், அதாவது உணவின் பக்கத்திலும், நின்றது. 2001இல் பச்சையாக உண்ணும் கடலுணவில் கிராமுக்கு 100 கிருமிக்கு மேல் கூடாது, 10 டிகிரிக்குக் கீழே வைக்கவேண்டும் என்று விதித்தது; அதன்பின் நோய் வெகுவாகக் குறைந்தது. அதே விதி கொல்கத்தாவுக்குப் பொருந்தாது, உண்ணும் முறையே வேறு. ஆனால் மருத்துவமனையில் மாதிரி எடுக்கும் அதே வாரத்தில் சியால்தா, ஹவுரா மொத்தச் சந்தைகளின் மீனிலும் கழுவுநீரிலும் மாதிரி எடுத்து, அதே மரபணுச் சோதனையைச் செய்யத் தேவையான திறமை பேலியாகாட்டாவில் இருக்கிறது. அந்த இரண்டு பதிவேடுகளும் ஒரே மேசைக்கு வந்தால், மீன் விற்பவரிடம் எதை மாற்றச் சொல்வது, எந்த மாதத்தில் சொல்வது என்று தெரியும்.