நாலு பேர் நடுவே மனிதன்: சமூக உளவியலின் மரபுகளும் உரைகற்களும்

1934 ஜனவரி 15 அன்று பிகாரை நிலநடுக்கம் உலுக்கியது. அடுத்த சில வாரங்களில் வதந்திகள் கிளம்பின. இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்றே அவற்றில் பெரும்பாலானவை சொல்லின. ஜமுனா பிரசாத் என்ற உளவியல் அறிஞர் அவற்றைத் திரட்டி எழுதி வைத்தார். இந்த வதந்திகளைப் பரப்பியவர்கள் அதிர்வை உணர்ந்தார்களே தவிர, வீடு வாசலை இழந்தவர்கள் அல்லர். தப்பிப் பிழைத்தவர்கள் ஆறுதலைத் தேடாமல் மேலும் பயத்தை ஏன் தேடிக்கொண்டார்கள்?

அமெரிக்காவில் அந்தக் குறிப்புகளைப் படித்த லியான் ஃபெஸ்டிங்கர் ஒரு விடை கண்டார். நெஞ்சில் பயம் இருக்கிறது, கண்ணெதிரே அதற்குக் காரணம் இல்லை. இந்த முரணைத் தாங்க முடியாத மனம் பயத்துக்கு ஒரு நியாயத்தைக் கற்பித்துக்கொள்கிறது. டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹா, அழிவை நேரில் கண்டவர்களிடம் அப்படிப்பட்ட வதந்திகள் இல்லை என்று எழுதியது இதற்கு வலுச்சேர்த்தது. 1957இல் ஃபெஸ்டிங்கர் வெளியிட்ட அறிதல் முரண் கோட்பாடு, சமூக உளவியலின் மிகப் புகழ்பெற்ற கோட்பாடுகளுள் ஒன்று. அதன் விதை பிகார் மண்ணில் விழுந்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நாலு பேர் முன்னிலையில் மனிதன் எப்படி மாறுகிறான் என்பதே இத்துறையின் மூலக் கேள்வி. 1898இல் நார்மன் டிரிப்லெட், சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் போட்டியாளரோடு ஓட்டும்போது வேகம் கூடுவதைக் கவனித்தார். பிறகு, சிறுவர்களிடம் தூண்டில் உருளையைச் சுற்றக் கொடுத்துச் சோதித்தார். 1908இல் இத்துறையின் பெயரைத் தாங்கி இரண்டு நூல்கள் வந்தன. ஒன்றை எழுதிய வில்லியம் மக்டூகல் உளவியலாளர், மற்றொன்றை எழுதிய எட்வர்ட் ராஸ் சமூகவியலாளர். தனிமனிதனிலிருந்து தொடங்குவதா, கூட்டத்திலிருந்து தொடங்குவதா என்ற வழக்கு அன்று முதல் இன்றுவரை ஓயவில்லை. 1924இல் ஃபிளாய்ட் ஆல்போர்ட், குழுவுக்கென்று தனி மனம் கிடையாது, இருப்பதெல்லாம் தனிமனிதர்கள்தாம் என்று அடித்துச் சொன்னார். அமெரிக்க மரபு பெருமளவு அவர் வழியிலேயே நடந்தது.

அந்த மரபுக்கு உயிரூட்டியவர்களில் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள். கர்ட் லெவின் 1933இல் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். முசாஃபர் ஷெரிஃப் துருக்கியில் பிறந்தவர், சாலமன் ஆஷ் வார்சாவில் பிறந்தவர். ஆஷ் நடத்திய கோட்டுச் சோதனை எளிமையானது. எந்தக் கோடு எதற்குச் சமம் என்று சொன்னால் போதும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு தப்பான விடை சொல்வார்கள். அப்படிப்பட்ட சுற்றுகளில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகள் மனிதனை மந்தையாகக் காட்டுகின்றன என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆஷின் சோதனையில் கால்வாசிப் பேர் ஒருமுறைகூட வளையவில்லை. சரியான விடை சொல்லும் துணை ஒருவர் இருந்தாலே கூட்டத்தின் பிடி பெரிதும் தளர்ந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளும் அப்படித்தான். ஆய்வாளரின் கட்டளைப்படி அடுத்தவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டு 40 பேரில் 26 பேர் கடைசிவரை போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். உடன் இருந்த இருவர் மறுத்து எழுந்தபோது, 40இல் 4 பேர் மட்டுமே கடைசிவரை போனார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பின்னது முன்னதற்குச் சற்றும் குறையாத கண்டுபிடிப்பு.

ஐரோப்பிய மரபு வேறு காயத்திலிருந்து பிறந்தது. போலந்து யூதரான ஹென்றி தாஜ்ஃபெல் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியானவர். திரும்பியபோது அவர் குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்தனர். பின்னர் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை, க்ளீ ஓவியத்தை விரும்புவோர், கண்டின்ஸ்கி ஓவியத்தை விரும்புவோர் என்று பெயருக்கு இரண்டாகப் பிரித்தார். உண்மையில் அது குருட்டாம்போக்கில் செய்த பிரிவினை. முன்பகை இல்லை, முகம் பார்த்துப் பேசியதும் இல்லை. அப்படியும் பணத்தைப் பங்கிடும்போது சிறுவர்கள் தம் அணிக்குச் சாதகமாக நடந்தார்கள். தம் அணிக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, எதிரணியைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்றுகூடத் தேர்ந்தெடுத்தார்கள். பாரிஸில் செர்ஜ் மோஸ்கோவிசி எதிர்த்திசையில் கேட்டார்: சிறுபான்மை எப்படிப் பெரும்பான்மையை அசைக்கிறது? சொன்னதையே உறுதியோடு சொல்லிக்கொண்டிருந்தால் சிறிதளவேனும் அசைக்கும் என்று 1969இல் காட்டினார்.

இத்துறையின் உரைகல் கடுமையாக மாறியது அண்மையில்தான். 2011இல் நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் டீடெரிக் ஸ்டாபெல் தரவுகளையே புனைந்தது வெளிப்பட்டது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி நடத்திப் பார்த்ததில், 36 விழுக்காடு மட்டுமே புள்ளியியல் உரைகல்லில் தேறின. சமூக உளவியல் ஆய்வுகள் அதைவிடவும் குறைவாக, ஏறத்தாழ கால் பங்கே தேறின. மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் பிரித்து நடத்திய, புகழ்பெற்ற ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையில் காவலர்களுக்கு முன்னரே வழிகாட்டல் இருந்தது என்பதை ஆவணங்கள் காட்டின. கருதுகோளை ஆய்வுக்கு முன்பே பதிவு செய்வது, தரவுகளைப் பொதுவில் வைப்பது, பெரிய அளவில் ஆட்களைச் சேர்ப்பது ஆகியவை அதன்பின் வழக்கமாகி வருகின்றன. இது துறைக்கு அவமானம் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. தன் பெருமையைத் தானே சோதித்துப் பார்க்கும் நேர்மை எல்லாத் துறைக்கும் வாய்ப்பதில்லை.

இந்தியாவில் நரேந்திரநாத் சென்குப்தாவும் ராதாகமல் முகர்ஜியும் 1928லேயே இத்துறைக்கு நூல் எழுதினார்கள். தாஜ்ஃபெல் மரபில் வந்த ஸ்டீவ் ரைஷர், இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011இல் அலகாபாத் மாக மேளாவில் ஆய்வு நடத்தினார். குளிரிலும் இரைச்சலிலும் ஒரு மாதம் தங்கிய யாத்ரீகர்கள், போகாதவர்களோடு ஒப்பிடுகையில் தங்கள் நலம் கூடியதாகச் சொன்னார்கள். கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் உயர்சாதிச் சிறுவர்களுக்கும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களுக்கும் புதிர்ப்பாதைகள் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் சமமாகத் தீர்த்தன. சாதியை எல்லார் முன்பும் அறிவித்ததும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் சரிந்தது. அந்த இடைவெளியை உண்டாக்கியது அறிவிப்பு ஒன்றுதான்.

சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் கூடும் கூட்டமும், திருவண்ணாமலைக் கிரிவலமும், சாதி தெரிந்த வகுப்பறைகளும் நம்மிடம் இருக்கின்றன. தமிழகத்து உளவியல் மாணவர்கள் வெளிநாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்து நிரப்புவதோடு நிற்காமல், ஜமுனா பிரசாத்தைப் போலக் குறிப்பேட்டோடு தெருவில் இறங்க வேண்டும்.