சபையின் மௌனமும் நடிகையின் முகமும்: ‘சுழல்’ தொடரும் அதன் இரசிகச் செய்திகளும்

ஒரு கலைப்படைப்பைப் பற்றி மக்கள் என்ன பேசுகின்றனர் என்பதும் அப்படைப்பின் சமூக வரலாற்றில் ஒரு கூறேயாகும். எனினும் நமது திறனாய்வாளர்கள் இக்கூற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. நடிகையின் அடுத்த படம் எது, தொடரின் அடுத்த பகுதி எப்போது, அவர் எந்த ஊரிற் பிறந்தார், என்ன உண்கிறார் என்றவாறான இரசிகச் செய்திகளைப் பொழுதுபோக்கின் குப்பையென ஒதுக்கிவிடுவதே வழக்கமாயிற்று. அவ்வாறு ஒதுக்குவது எளிது. ஆனால், அச்செய்திகள் எதனைப் பேசுகின்றன, எதனைப் பேசாது விடுகின்றன என்று நோக்குமிடத்து, படைப்பைப் பற்றியும் அதனைப் பார்க்கும் சமூகத்தைப் பற்றியும் நாம் அறியக்கூடியவை பல. ‘சுழல்’ என்னும் தமிழ்க் குற்றவியல் தொடரையும், அதன் முதன்மை நடிகையான ஐஸ்வர்யா ராஜேஷைச் சுற்றி எழுந்த செய்திகளையும் சிலாபக் கரையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

புஷ்கர், காயத்ரி ஆகிய இருவரும் உருவாக்கி எழுதிய இத்தொடரின் முதற்பகுதி, பிரம்மா, அனுசரண் ஆகியோரின் இயக்கத்தில் 2022 ஜூன் 17ஆம் திகதி அமேசன் பிரைம் வழியே எட்டு அங்கங்களாக வெளிவந்தது. இரண்டாம் பகுதி 2025 பெப்ரவரி 28ஆம் திகதி வெளியாயிற்று. முதற்பகுதியின் களம் சாம்பலூர் என்னும் கற்பனை ஊர். சீமெந்துத் தொழிற்சாலையொன்றில் வேலைநிறுத்தம் நடக்கின்றது; தொழிற்சாலை தீப்பற்றி எரிகின்றது; தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற் போகின்றாள். ஊரில் அங்காளம்மனுக்குரிய மயானக் கொள்ளை விழா நடந்துகொண்டிருக்கின்றது. நிலாவின் தமக்கை நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷும், விசாரணையில் ஈடுபடும் சக்கரையாகக் கதிரும், காவல் அதிகாரி ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டியும், சண்முகமாகப் பார்த்திபனும் நடித்துள்ளனர்.

இரசிகச் செய்தி நமக்குப் புதியதன்று. 1940களில் ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ ஆகியனவும், 1966 முதல் ‘பொம்மை’யும் நட்சத்திரங்களின் வாழ்வை வாசகர் வீட்டுக்குக் கொண்டுவந்தன. பாக்குநீரிணையைக் கடந்து அவை இலங்கைக்கும் வந்தன. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அவற்றுக்காக ஏங்கியோர் பலர். சிலாபம் போன்ற இடங்களில் இவ்வேட்கைக்கு இன்னொரு பொருளும் உண்டு. பள்ளிமொழி சிங்களமாக மாறியதால், கடந்த நூற்றாண்டினூடே தமிழ் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் சுருங்கிய கரை இது. இத்தகைய சூழலில் திரையிலே கேட்கும் தமிழும், அத்திரையைப் பற்றிப் பேசும் தமிழும் மொழியோடு கொள்ளும் உறவாகவே அமைகின்றன. ஆகவே, இரசிகரை ஏளனஞ் செய்யும் உரிமை விமர்சகனுக்கு இல்லை. அவர்களுக்குக் கிடைக்கும் செய்தி போதுமானதா என்று கேட்கும் கடமை மாத்திரமே அவனுக்கு உண்டு.

இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையுமன்று. 2007இல் டென்மார்க்கில் ஒளிபரப்பாகி, 2011இல் பிரித்தானியாவில் பெரும் வரவேற்பைப் பெற்ற ‘ஃபோர்பிரைடெல்சன்’ தொடரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓர் இளம்பெண்ணின் கொலை, அவளது பெற்றோரின் துயர், நகர அரசியலின் சூழ்ச்சி என்பவற்றை இருபது அங்கங்களில் நிதானமாக ஆராய்ந்த படைப்பு அது. ஆயினும், புலனாய்வாளர் சாரா லுண்டாக நடித்த சோஃபி கிராபோல் அணிந்த கம்பளிச் சட்டையே பத்திரிகைகளில் ஓயாது பேசப்பட்டது. அதனை வாங்கவும் பின்னவும் மக்கள் முனைந்தனர். கொல்லப்பட்ட பெண்ணின் வீட்டு மேசையில் வெறுமையாயிருந்த நாற்காலி அத்துணை பேசப்படவில்லை. துயரத்தைத் தாங்குவதைவிடச் சட்டையைத் தாங்குவது எளிது.

ஐஸ்வர்யா ராஜேஷ் பற்றிய செய்திகள் இவ்வளவு வெறுமையானவையல்ல என்பதையும் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் எளிய குடியிருப்பொன்றில் வளர்ந்து, தந்தையைச் சிறுவயதிலேயே இழந்து, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வழியே திரைக்கு வந்தவர் அவர். ‘காக்கா முட்டை’யில் இரு சிறுவரின் தாயாக நடித்ததும், 2018இல் ‘கனா’வில் கிரிக்கெட் வீராங்கனையாக நடித்ததும் அவருக்குத் தனித்த இடத்தைப் பெற்றுத் தந்தன. 2020இல் அவர் ஆற்றிய மேடையுரை ஒன்றில், தமது நிறத்தின் பொருட்டுத் திரைத்துறையில் எதிர்கொண்ட புறக்கணிப்பையும், பெண்ணென்ற வகையில் எதிர்கொண்ட தொல்லைகளையும் வெளிப்படையாகவே கூறினார். அவ்வுரை பரவலாகப் பேசப்பட்டது. ஆனால், அது எவ்வாறு பேசப்பட்டது என்பதே ஈண்டு கவனிக்கத்தக்கது. ஒரு துறையின் மீதான குற்றச்சாட்டாக இருந்த பகுதி மங்கி, தடைகளை வென்ற தனியொருத்தியின் வெற்றிக்கதையாக அது மாறிற்று. புறக்கணித்தவர் யார் என்ற வினா மறைந்து, வென்றவர் யார் என்ற விடை மாத்திரம் எஞ்சியது.

இதே மாற்றமே ‘சுழல்’ தொடருக்கும் நேர்ந்தது. முதற்பகுதியின் மர்மம் அவிழும்போது நாம் அறிவது யாது? குற்றவாளி வெளியிலிருந்து வந்தவனல்லன். நிலாவைச் சிதைத்த கொடுமை அவளது குடும்ப வட்டத்தினுள்ளேயே நிகழ்ந்தது. நந்தினியும் தன் சிறுவயதில் அதற்கு ஆளானவள், சொல்லவியலாது ஊமையானவள். தன் மௌனம் தங்கையைக் காக்கவில்லை என்று உணரும் கணத்தில் அப்பாத்திரம் அடையும் நடுக்கத்தை ஐஸ்வர்யா ராஜேஷ் உரத்த அழுகையின்றி, ஏறக்குறைய உறைந்த முகத்தோடு வெளிப்படுத்துகின்றார். அத்தொடரின் மிகச் சிறந்த நடிப்பு அதுவே. குற்றவியற் கதை வழமையாகக் கேட்கும் வினா, ‘யார் செய்தது’ என்பதாகும். ‘சுழல்’ அதன் உச்சத்தில் கேட்பதோ, ‘யாரெல்லாம் அறியாதிருந்தனர், ஏன் அறியாதிருந்தனர்’ என்பதாகும். இரசிகச் செய்திகள் இவ்விரண்டாம் வினாவைத் தொடுவதேயில்லை. நந்தினியின் உறைந்த முகம், நடிகையின் திறமைக்குச் சான்றாக மாத்திரம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

இவ்வினா சிலாபக் கரைக்கு அந்நியமானதன்று. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பு என்னும் தமிழ்ச் சிற்றூரில், ஆடி மாதந்தோறும் திரௌபதி அம்மனுக்குப் பதினெட்டு நாள் விழா நடைபெறுகின்றது. பாரதக் கதையோடு பின்னிப் பிணைந்த அவ்விழா தீமிதிப்போடு நிறைவெய்துகின்றது. அவ்வூர் மக்கள் நெருப்பின்மீது நடப்பது, சபையில் இழிவுபடுத்தப்பட்ட ஒரு பெண்ணின் பெயராலே. திரௌபதியின் கதையில் துச்சாதனன் யாரென்பது மர்மமன்று, அனைவரும் அறிந்ததே. அங்கு மாறாத மர்மம், பீடுமரும் துரோணரும் ஏன் வாளாவிருந்தனர் என்பதுதான். இழைத்தவன் உறவினன், பார்த்திருந்தோரும் உறவினர். ஆண்டுக்கொருமுறை இக்கதையை உடலால் நினைவுகூரும் மக்களுக்கு, சாம்பலூரின் மௌனம் விளங்காததன்று. சென்னையில் உருவான ஒரு தொடரை இக்கரையின் பார்வையாளர் தமதாக்கிக்கொள்ளும் வழி இங்கேயே திறக்கின்றது.

எனினும், தொடரின் குறைகளையும் சுட்டாதிருத்தல் முறையன்று. முதற்பகுதி, உழைப்பாளருக்கும் முதலாளிக்கும் இடையிலான மோதலோடு தொடங்குகின்றது. தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், தீ எனப் பாரிய சமூக முரண்பாடொன்று நம் கண்முன் விரிகின்றது. ஆயின், கதை வீட்டுக்குள் நுழைந்ததும் தொழிற்சாலை வெளியே நிறுத்தப்பட்டுவிடுகின்றது. தொழிலாளரின் பிரச்சினை, பார்வையாளரின் ஐயத்தைத் திசைதிருப்பும் உத்தியாகவே எஞ்சுகின்றது. தொழிற்சாலையில் உரிமைக்குக் குரல்கொடுக்கும் தந்தையின் வீட்டில், அவரது மகள்களுக்குக் குரலில்லாது போனது எவ்வாறு? இவ்விரு உலகுகளையும் இணைத்திருக்கக்கூடிய இக்கேள்வி போதிய அளவு வளர்க்கப்படவில்லை.

இரண்டாம் பகுதியின் குறை வேறு வகையானது. கடற்கரை ஊராகிய காளிப்பட்டினத்தில் அஷ்டகாளி விழா நடைபெறும் வேளையில், வழக்கறிஞர் செல்லப்பா கொல்லப்படுகின்றார். எட்டு இளம்பெண்களுள் ஒவ்வொருத்தியும் தானே கொன்றதாகக் கூறுகின்றாள். கொலைவழக்கில் சிறையிலிருக்கும் நந்தினியோடு அவர்கள் சேர்கின்றனர். எட்டுப் பெண்களும் எட்டுக் காளிகளுக்கு நேராக அமைகின்றனர். வடிவ ஒழுங்கு கச்சிதமானதே. ஆனால், அக்கச்சிதமே பலவீனமுமாகின்றது. தெய்வமாக உயர்த்தப்பட்ட பெண்ணிடம் அச்சத்தையோ தடுமாற்றத்தையோ நாம் தேடுவதில்லை. அவளுக்கு நீதி வழங்கும் பொறுப்பும் நமக்கில்லை. அவளே வழங்கிக்கொள்வாள் என்று ஆறுதலடைகின்றோம்.

இவ்விடத்தில் சிலாபத்துக்கு அருகே, முன்னேஸ்வரத்தில் உள்ள காளி கோயில் நமக்கு ஓர் அளவுகோலாகின்றது. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1975இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தமக்குத் தீங்கிழைத்தோர்மீது முறையிட மக்கள் செல்லும் கோயில்களுள் ஒன்றாக இதனை எடுத்துக்கொண்டார். இனமொழி வேறுபாடின்றி மக்கள் அங்கு வருவர். வேறிடத்தில் கிடைக்காத நீதியைக் காளியிடம் கேட்பர். அங்கு முறையிட வருபவள் காளியாவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அவள் பெயரும் ஊரும் குறையும் உடைய மனிதப் பெண்ணாகவே நின்று பேசுகின்றாள். ‘சுழல்’ தொடரின் இரண்டாம் பகுதி, முறையிட வேண்டியவர்களைத் தெய்வமாக்கிவிட்டது. முறையீட்டைக் கேட்க வேண்டிய சபையைக் கலைத்துவிட்டது. இரசிகச் செய்தி நடிகையை உருவமாக்குவதும், கதை பெண்களைத் தெய்வமாக்குவதும் அடிப்படையில் ஒரே செயலே. இரண்டிலும் பெண் உயர்த்தப்படுகின்றாள். அவள் சொல் கேட்கப்படுவதில்லை.

இது வெறும் அழகியற் பிரச்சினையன்று. இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995இல் செய்யப்பட்ட திருத்தம், நெருங்கிய உறவினரின் பாலியல் வன்மத்தைத் தனிக்குற்றமாக்கிற்று. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் எவரும் முறையிடலாம். இந்தியாவிலும் 2012இல் சிறுவரைப் பாலியற் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருக்கின்றது, இலக்கமும் இருக்கின்றது. அவ்விலக்கத்தை ஒரு சிறுமி அழைப்பதற்கு முன், அவள் சொல்வதை நம்பும் ஒருவரேனும் வீட்டில் இருத்தல் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்குவதில் கலைக்குப் பங்குண்டு. எட்டு அங்கங்களை ஒரே அறையில் அமர்ந்து பார்த்த குடும்பமொன்று, அதன்பின் நடிகையின் அடுத்த படத்தைப் பற்றி மாத்திரம் பேசி எழுமாயின், கலை தன் வாயிலைத் திறந்தும் எவரும் உட்புகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே, நமக்கு வேண்டியது இரசிகச் செய்திகளின் ஒழிவன்று, அவற்றின் விரிவே. ஐஸ்வர்யா ராஜேஷின் நடிப்பைப் போற்றுவோர், அந்நடிப்பு எதனை நோக்கி நம்மைத் திருப்புகின்றது என்பதையும் சேர்த்துப் பேசட்டும். கரையோரத்துத் தமிழ் மாணவரும், கோயில் விழாக்களில் பாரதம் கேட்டு வளர்ந்தோரும், இத்தொடரை விவாதிக்கத் தகுதியான சபையே. திரௌபதியின் கேள்விக்கு அன்றைய சபை விடையளிக்கவில்லை. நந்தினியின் மௌனத்துக்கு விடையளிக்க வேண்டிய சபையில் இன்று அமர்ந்திருப்போர் நாமே.