கூடையிலேயே தங்கிவிடும் வேர்மணம்

வீட்டில் ஜின் வடிப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை இப்போது ஏறக்குறைய விதியாகவே ஆகிவிட்டது. ஜூனிப்பர் பழத்தையும் கொத்தமல்லி விதையையும் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அதே கலனில் கொதிக்கவிட்டு வடிப்பது பழைய, முரட்டு வழி. அவற்றைத் துளையிட்ட கூடையில் போட்டு, கொதிகலனுக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவே வைத்து, மேலெழும் ஆவியை மட்டும் அவற்றின் ஊடே செலுத்துவது நாகரிகமான வழி. சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் வடிப்பதை 1996 முதல் சட்டம் அனுமதிக்கும் நியூசிலாந்தில், வடிகலன் வாங்குபவர் கையோடு கூடையையும் வாங்கிவிடுகிறார். ‘மென்மை’, ‘தூய்மை’ என்ற இரு சொற்களும் கூடையோடு சேர்ந்தே வருகின்றன. அந்த இரண்டும் தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன என்பது என் நெடுநாள் கருத்து.

கூடைக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். புதிதாகச் சீவிய எலுமிச்சைத் தோல், வெள்ளரி, புதினா போன்றவை மணிக்கணக்கில் சூடான திரவத்தில் கிடந்தால் வெந்த காய்கறி வாடை வந்துவிடும். ஆவியில் அந்தச் சிக்கல் குறைவு. கலனின் அடியில் எதுவும் தீயாது, கழுவுவது எளிது, ஒரே ஸ்பிரிட்டை வெவ்வேறு கூடைகளால் வெவ்வேறு மணங்களாக மாற்றிப் பார்க்கலாம். இவை உண்மையான வசதிகள்தான். ஆனால் ஜின் எலுமிச்சைத் தோலால் மட்டும் ஆனதல்ல.

கூடையை ஆதரிப்பவர்கள் முதலில் காட்டும் சாட்சி பாம்பே சபையர். 1980-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த இந்த ஜின் பத்து மணப்பொருட்களைச் செப்புக்கூடையில் வைத்து, கார்ட்டர்ஹெட் வகைக் கலனில் ஆவியால் மணமேற்றப்படுகிறது. ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகா வேர், ஓரிஸ் வேர், அதிமதுரம், பாதாம், எலுமிச்சைத் தோல், காசியாப் பட்டை, வால்மிளகு, மேற்கு ஆப்பிரிக்காவின் கிரெயின்ஸ் ஆஃப் பாரடைஸ் ஆகியவை அந்தப் பத்து. வெற்றிபெற்ற ஜின்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் புகழே இலேசான தன்மைக்குத்தான். ஜூனிப்பர் பின்வாங்கி நிற்கும் ஜின் வேண்டும் என்று முடிவெடுத்து, அதற்கேற்ற கலனில், ஆவியின் வேகமும் வலுவும் ஒரு நாளைக்கு ஒரு நாள் மாறாமல் செய்யப்படுவது அது. அதைக் காட்டி, சமையலறை மேடையில் நிற்கும் இருபத்தைந்து லிட்டர் கலனுக்கும் அதே முறை உகந்தது என்று சொல்வது எந்த வகையில் வாதமாகும்?

இரண்டாவது சாட்சி ஹெண்ட்ரிக்ஸ். இங்கேதான் எனக்குப் பொறுமை குறைகிறது. ஸ்காட்லாந்தின் கெர்வனில் செய்யப்படும் அந்த ஜின் ஆவியில் மணமேற்றப்படுகிறது என்பது பாதி உண்மை. கார்ட்டர்ஹெட் கலனில் வரும் மென்மையான வடிப்போடு, பென்னெட் என்ற பழைய கலனில் மணப்பொருட்களை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு எடுத்த கனமான வடிப்பையும் கலக்கிறார்கள். வெள்ளரி, ரோஜா மணங்கள் வடிப்பு முடிந்த பிறகு சேர்க்கப்படுகின்றன. அதாவது, ஆவி முறையின் கொடிபோலக் காட்டப்படும் நிறுவனமே ஆவியை மட்டும் நம்பவில்லை. அதன் உடலைத் தருவது ஊறல். கூடைப் பிரசாரத்தில் இந்தப் பாதி எப்போதும் விடுபட்டுப்போகிறது.

ஏன் ஆவி மட்டும் போதாது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜூனிப்பரின் பைன் வாசனைக்குக் காரணமான ஆல்பா பைனீன் கொதிப்பது சுமார் 156 டிகிரி செல்சியசில். எலுமிச்சைத் தோலின் லிமோனீன் 176-இல். கொத்தமல்லி விதையின் லினலூல் 198-இல். எத்தனாலோ 78-இலேயே கொதித்துவிடுகிறது. எனில் இந்த எண்ணெய்கள் எப்படித்தான் மேலே வருகின்றன? தண்ணீர் அவற்றைச் சேர்த்துக்கொள்வதில்லை, தன்னிடமிருந்து தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட எண்ணெய் தன் கொதிநிலைக்கு வெகு கீழேயே ஆவியோடு ஏறிக்கொள்கிறது. ஆல்கஹால் அப்படியல்ல, எண்ணெயைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆகவே கலனில் தண்ணீர் மிகுந்திருக்கும்போதுதான் மணம் எளிதில் மேலெழும். ஆல்கஹால் மிகுந்தால் தயங்கும்.

இப்போது வீட்டுக் கலனைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது மணமற்ற ஸ்பிரிட் எடுப்பதற்கான உயரக் குழாய்க் கலன். அதன் உச்சிக்கு வரும் ஆவி தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். கூடையை அங்கே வைக்கிறார்கள். எண்ணெயைத் தூக்கிச் செல்வதில் மிகவும் சோம்பலான ஆவி எதுவோ, அதையே தேர்ந்தெடுத்து மணப்பொருள் மீது விடுகிறார்கள். இலேசான மூலக்கூறுகள் எப்படியோ வந்துவிடும். எலுமிச்சையும் ஜூனிப்பரின் மேல்வாசனையும் மூக்கில் அடிக்கும். ஏஞ்சலிகா வேரின் கஸ்தூரி சாயலும் ஓரிஸின் ஊதாப்பூ மணம் தரும் ஐரோன்களும் கனமானவை. வடிப்பின் பின்பகுதியில், ஆவியில் நீர் கூடும்போது மெல்ல வர வேண்டியவை. உயரக் குழாய் நீரைத் தடுத்து நிறுத்துகிறது. போதாததற்கு, கடைசிச் சொட்டுகளின் ‘வால் வாடை வந்துவிடும்’ என்ற பயத்தில் வடிப்பையும் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறார்கள். ஜினின் கீழ்ப்பாதி கலனை விட்டு வெளியே வருவதே இல்லை.

‘மணப்பொருள் திரவத்தைத் தொடுவதே இல்லை, அதனால்தான் மென்மை’ என்பார்கள். இது உண்மையல்ல. குளிர்ந்த கூடையில் சூடான ஆவி நுழைந்ததும் அங்கேயே திரவமாகப் படிகிறது. விதைகள் நனைகின்றன; நனைத்த திரவம் நிறத்தையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு கலனுக்குள்ளேயே சொட்டுகிறது. கூடைக்குள் நடப்பதும் ஊறல்தான். எவ்வளவு நேரம், எவ்வளவு வலுவான ஸ்பிரிட்டில் என்பது வடிப்பவர் கையில் இல்லாத ஊறல். ‘கொதிக்கவைப்பதில்லை’ என்ற வாதமும் இப்படித்தான். நாற்பது சதவீத ஸ்பிரிட் கொதிக்கத் தொடங்குவது 83 டிகிரியை ஒட்டி. உயரக் குழாயின் உச்சியில் ஆவி 78, 79 டிகிரியில் இருக்கும். வடிப்பின் முக்கியமான பகுதியில் இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். கலனின் சூடு தொண்ணூறுகளுக்கு ஏறுவது கடைசிக் கட்டத்தில். அந்தக் கட்டத்தை எங்கே நிறுத்துவது என்பது வடிப்பவரின் நிதானம் சார்ந்தது. நிதானமில்லாதவருக்குக் கூடை மருந்தாகாது.

மென்மையான மலரைக் கொதிநீரில் போடலாமா என்று கேட்பவர்களுக்குக் கன்னோஜே பதில். உத்தரப்பிரதேசத்தின் அந்த ஊரில் அத்தர் வடிப்பவர்கள் ரோஜா இதழ்களை ‘தேக்’ எனப்படும் செப்புக் கலனில் தண்ணீரோடு சேர்த்தே சூடாக்குகிறார்கள். பல்கேரியாவின் ரோஜா எண்ணெயும் நீரிலிட்டே வடிக்கப்படுகிறது. உலர்ந்த இதழ்க்குவியல் வழியே நீராவியைச் செலுத்தினால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, ஆவி நடுவில் நுழையாமல் ஓரமாகப் போய்விடும். உலகின் மிக விலையுயர்ந்த மணங்களில் ஒன்றை எடுப்பவர்கள் திரவத்தையே நம்புகிறார்கள். சமையலறை மேடையில் மட்டும் திரவம் எப்படி முரடாகிவிட்டது?

இதழுக்கு நேர்வது இடித்த ஜூனிப்பருக்கும் நேர்கிறது. ஆவி எளிய பாதையைத்தான் தேடும். கூடையை நெருக்கமாக அடைத்தால் ஓரங்களில் வழி போட்டுக்கொள்ளும், நடுவில் உள்ளது வறண்டே கிடக்கும். தளர்வாக அடைத்தால் பாதி ஆவி எதையும் தொடாமல் போகும். ஒரே அளவு, ஒரே பொருட்கள், அடைத்த விதம் மட்டும் வேறு. இரண்டு நாளில் இரண்டு ஜின் கிடைக்கிறது. மணம் கூடட்டும் என்று பொருட்களைப் பொடியாக்கிப் போடுபவர்களும் உண்டு. பொடி ஈரமாகி அடைத்துக்கொண்டால் ஆவிக்கு வெளியேற வழியில்லை. கலனில் அழுத்தம் ஏறும். எரியக்கூடிய ஆவி நிறைந்த பாத்திரத்தில் அழுத்தம் ஏறுவது விளையாட்டல்ல. கூடையை விற்பவர்கள் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய செய்தி இது.

வாதத்தில் இன்னொன்றும் அடிக்கடி வரும்: கூடை ஜின் தண்ணீர் ஊற்றினாலும் தெளிவாக இருக்கிறது, ஊறல் ஜின் பால்போலக் கலங்குகிறது, எனவே கூடை தூய்மையானது. கலங்குவது அழுக்கல்ல. ஆல்கஹால் குறைந்ததும் கரைந்திருக்க முடியாமல் வெளிவரும் எண்ணெய் அது. எண்ணெய் மிகுந்திருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். கொஞ்சம் மணமற்ற ஸ்பிரிட்டைச் சேர்த்தால் தெளிந்துவிடும். அடர்த்தியாக வடித்துப் பிறகு ஸ்பிரிட்டால் விரிப்பதைப் பெரிய ஜின் நிறுவனங்கள் வழக்கமாகவே செய்கின்றன. மிகுந்ததைக் குறைக்கலாம், வராததை எங்கிருந்து கொண்டுவருவது? எண்ணெய் இல்லாததால் கிடைத்த தெளிவைத் தூய்மை என்று பெயரிட்டு, அதையே தரத்தின் அளவுகோலாக்கிவிட்டோம்.

சட்டமும் கூடையின் பக்கம் நிற்கவில்லை. லண்டன் ஜின் என்ற பெயருக்கு ஐரோப்பிய விதிகள் கேட்பது, மணம் முழுவதும் இயற்கைத் தாவரப் பொருட்களோடு ஸ்பிரிட்டை மறுபடி வடிப்பதால் வர வேண்டும், பிறகு இனிப்போ நிறமோ சேரக் கூடாது என்பதுபோன்றவற்றையே. ஊறலா ஆவியா என்ற கேள்வியே அங்கில்லை. பீஃபீட்டர் இன்றும் மணப்பொருட்களை ஒரு முழுநாள் ஊறவைத்த பிறகே வடிக்கிறது. அதை முரட்டு ஜின் என்று சொல்லத் துணிபவர் யார்?

நம் வீட்டு ரசத்தில் கொத்தமல்லித் தழையை இறக்கும்போது தூவுகிறோம். அதே செடியின் விதையை வறுத்து அரைத்துக் கொதிக்கவிடுகிறோம். தழையின் மணம் சூட்டில் பறந்துவிடும், விதையின் மணம் சூடு இல்லாமல் வெளிவராது என்பதை யாரும் பாடமாகப் படித்ததில்லை. வீட்டு ஜினில் இந்த அறிவு தலைகீழாகிவிட்டது. தழை, தோல், விதை, வேர், பட்டை எல்லாம் ஒரே கூடையில், ஒரே ஆவியில், ஒரே நேரத்துக்கு. மென்மையின் பெயரால் எல்லாவற்றையும் தழையாக நடத்துகிறோம்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது புதியவர்களின் நிலை. ஊறலில் வடிப்பவர் அடுப்பை மூட்டுவதற்கு முன்பே ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம். ஜூனிப்பர் போதவில்லை என்றால் சேர்க்கலாம். பட்டை முந்துகிறது என்றால் அடுத்த முறை முன்கூட்டியே எடுத்துவிடலாம். எந்தப் பொருள் எந்த வேகத்தில் தன்னை விட்டுக்கொடுக்கிறது என்பது மூக்குக்குப் பழகிவிடும். கூடை அந்த வாய்ப்பைத் தருவதில்லை. அடைத்தாயிற்று, மூடியாயிற்று, சொட்டத் தொடங்கிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜின் ஒல்லியாக வந்தால் ‘அடுத்த முறை இன்னும் அதிக ஜூனிப்பர்’ என்பதே அவருக்குக் கிடைக்கும் ஆலோசனை. அளவு ஏறிக்கொண்டே போகிறது. வேர்மணம் அப்போதும் வருவதில்லை. கடைசியில், ‘அதிமதுரம் போட்டேன், இனிப்பு வந்திருக்கிறது’ என்று தானே நம்பத் தொடங்குகிறார். அதிமதுரத்தின் இனிப்பான கிளிசிரைசின் ஆவியாகவே ஆகாது, எந்த முறையிலும் அது வடிப்புக்குள் வராது என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு கலையைக் கற்க வந்தவர்களை இப்படி நம்பிக்கைகளோடு அலையவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வழியில்லாமலும் இல்லை. விதைகளையும் வேர்களையும் பட்டையையும் நாற்பது, நாற்பத்தைந்து சதவீத ஸ்பிரிட்டில் ஊறவைத்து, உயரக் குழாயைக் கழற்றிவிட்டு, மெதுவாக வடிக்கலாம். எலுமிச்சைத் தோலுக்கும் புதினாவுக்கும் சிறிய, தளர்வான கூடை மேலே இருக்கட்டும். அல்லது அவற்றைத் தனியே வடித்துப் பிறகு கலக்கலாம். கெர்வனில் செய்வதும் அடிப்படையில் இதுதான். கூடை இருக்க வேண்டிய இடம் இவ்வளவே.

ஐயமிருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கூடை வடிப்பு முடிந்ததும் உள்ளே மிஞ்சியதைக் குப்பையில் கொட்டாமல் ஓரிஸையும் ஏஞ்சலிகாவையும் தனியே பொறுக்கி எடுத்து, வெந்நீர் ஊற்றி மூடிவைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஓரிஸ் கிழங்கில் அந்த ஊதாப்பூ மணம் உருவாக, அதைப் பிடுங்கிய பிறகு ஆண்டுக்கணக்கில் உலரவைத்துக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புக்குத்தான் விலை கொடுத்தீர்கள். அது உங்கள் ஜினில் இருக்கிறதா, இந்த வெந்நீரில் இருக்கிறதா என்று உங்கள் மூக்கைக் கேளுங்கள்.