கழிச்ச பீடியும் கம்பெனிக்கே

போட்டி அறிவிப்புகளை நாம் மேலிருந்து கீழாகத்தான் படிக்கிறோம். மேலே பரிசுத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். அடுத்து நடுவர்களின் பெயர், அப்புறம் கடைசித் தேதி. அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி நாலைந்து வரி. அதை யாரும் படிப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த நாலைந்து வரியைப் பற்றியது.

பரிசு அரசியல் பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. நடுவர் என்ன சாதி, பரிசு எந்தத் தெருவுக்குப் போகிறது, தலித் எழுத்துக்கு மட்டும் ஏன் ஆறுதல் பரிசு என்றெல்லாம் கேட்டோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பரிசு கிடைக்காதவரிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறார்கள் என்று நாம் கேட்கவில்லை. நாவலை வாசிக்கிறோம், சினிமாவை வாசிக்கிறோம், கோயில் கல்வெட்டை வாசிக்கிறோம். போட்டி விதியும் ஒரு பிரதிதான். அதற்குள்ளும் அதிகாரம் பேசுகிறது. எம்.ஏ. தமிழில் உரை சொல்லக் கற்றதை இந்தப் பிரதிக்கும் பயன்படுத்திப் பார்க்கலாம்.

கதை, பாட்டு, குறும்படம், ஓவியம், புகைப்படம், விளம்பர வாசகம் என்று கம்பெனிகள் நடத்தும் போட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் விதிகள் இவை. அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளும் நிறுவனத்தின் சொத்து. இப்போதுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும் அவற்றை நிறுவனம் பயன்படுத்தலாம். திருத்தலாம், மாற்றலாம், பெயர் போடுவது அதன் விருப்பம். படைப்பு முழுக்க அனுப்பியவரின் சொந்தச் சரக்கு, வேறு எவருக்கும் இதில் உரிமை இல்லை. வழக்கு வந்தால் செலவு அனுப்பியவருடையது. நிறுவனத்தின் முடிவே இறுதியானது. எல்லா விதியும் எல்லாப் போட்டியிலும் இருக்காது. இரண்டு மூன்று இருந்தாலே போதும்.

1

முதல் விதியில் 'அனைத்து' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பரிசு பெற்றவை என்று இல்லை. வந்தவை எல்லாம்.

கடையநல்லூர்ப் பக்கம் இதை விளக்கப் பெரிய தத்துவம் வேண்டாம், பீடி போதும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றிக் கட்டிக் கடையில் கொண்டுபோய்ப் போட்டால், கட்டைப் பிரித்துப் பார்த்து, இது தளர்ந்துபோச்சு, இதுக்கு முனை சரியில்லை என்று ஒரு கை அள்ளி ஒதுக்குவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. கழித்த பீடியும் திரும்பி வராது. "நல்லால்லைன்னு சொல்லுதியல்லா, அப்பம் எங்கிட்டயே குடுத்துருங்க. எதுக்கு வச்சிக்கிடுதிய?" என்பது பீடி சுற்றும் பெண்கள் காலகாலமாகக் கேட்கும் கேள்வி. பீடித் தொழிலாளருக்காக 1966இல் வந்த சட்டம், கழித்தல் பற்றிய தகராறுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுக்கு அது பெரிய பிரச்சினை.

ஆயிரம் பேர் கதை அனுப்பி மூன்று பேருக்குப் பரிசு என்று வைத்துக்கொள்வோம். 997 கதைகள் கழித்த பீடி. தரமில்லை என்று சொன்ன அதே வாய் அவற்றைத் தன் சொத்து என்றும் சொல்கிறது. தரமில்லாததைச் சொத்தாக எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? அந்த 997க்குள் ஒரு காட்சியோ ஒரு வசனமோ ஒரு மெட்டோ பின்னால் காசாகலாம் என்பதால்தான்.

கதையின் விலை போட்டி நாளில் தெரியாது. உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளி விழா நாவல் போட்டியில் 1966இல் முதல் பரிசு பெற்றது. 12 வருசம் கழித்து, 1978இல் அது மகேந்திரன் இயக்கத்தில் படமானது. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பேசுகிறோம். 1966இல் அந்தக் கதையின் முழு விலை இன்னது என்று நடுவராலும் சொல்லியிருக்க முடியாது, எழுதியவராலும் முடியாது. அப்படியிருக்க, ஒரு பரிசுத் தொகைக்கு எல்லாக் காலத்துக்கும் எழுதி வாங்குவது என்ன கணக்கு? பதிப்புரிமை எழுதியவர் செத்த பிறகும் 60 வருசம் இருக்கிறது. பேரன் காலத்துச் சோற்றையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

2

நம் சனங்களுக்கென்றே வைத்த கண்ணி மாதிரி இருப்பது 'சொந்தச் சரக்கு' விதி. எங்கள் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி ஒரு கம்பெனியின் கிராமியப் பாட்டுப் போட்டிப் படிவத்தைக் கொண்டுவந்தாள். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம், வாசகம் எல்லாருக்கும் பொது. "அண்ணே, இது எஞ் சொந்தப் படைப்பு, வேற யாருக்கும் உரிமை இல்லன்னு கையெழுத்துப் போடச் சொல்லுதாவ. பாட்டு ஆச்சியுதுல்லா?" என்றாள். ஆச்சியிடம் கேட்டால் அது தன் அத்தையிடம் கேட்டது என்பாள். அத்தை யாரிடம் கேட்டாளோ.

அந்தப் பெண் கேட்டதில் முழு அரசியலும் இருக்கிறது. ஒப்பாரியும் தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒருத்தி பேரில் பட்டா போட்டவை இல்லை. தனி ஆள், தனி மேதை, தனிச் சொத்து என்ற நினைப்பில் எழுதிய விதி, ஊரே சேர்ந்து பாடிய பாட்டைப் பார்த்ததும் பொய்ச் சத்தியம் கேட்கிறது. சத்தியம் செய்தால் உரிமை முழுவதும் கம்பெனிக்குப் போகிறது, வழக்கு வந்தால் பழி மட்டும் நம் தலையில் நிற்கிறது. பிற்பாடு ஊர்க்காரர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பதிவு செய்து வலைத்தளத்தில் ஏற்றினால், பதிவு எங்களுடையது என்று கம்பெனியின் இயந்திரம் தடுத்து நிறுத்தவும் வழி இருக்கிறது.

இது வெறும் பயம் இல்லை என்பதற்குப் போட்டிக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' மாஜா என்ற இசை நிறுவனத்தின் வழியாக வந்தது. அறிவு எழுதியது, தீயும் அறிவும் பாடியது, இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அதற்குள் வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அவர் படம் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. அதன்பிறகுதான் அவர் தன் உழைப்பைப் பற்றி விரிவாக எழுதினார். இசையமைப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அவர் சொன்னதும் மற்றவர்கள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. அதைத் தீர்த்துவைக்க நான் இதை எழுதவில்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், மூன்று வருசமாக அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்றார். அது அவர் தரப்பு. நான் பார்ப்பது இதை: கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட ஒரு பாட்டில், யார் பேர் எங்கே வரும், காசு எங்கே போகும் என்பது பாடியவர் கையில் இல்லை. பேர் தெரிந்த கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பும் கல்லூரிப் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?

3

அடுத்தது பேர். நற்றிணையில் 400 பாட்டு. பாடியவர்கள் சிலரின் பேர் தொலைந்துவிட்டது. பாட்டுக்குள் கிடந்த சொல்லை எடுத்தே 'தேய்புரிப் பழங்கயிற்றினார்' என்று ஒருவருக்குப் பேர் வைத்தார்கள். அந்த நூலைத் தொகுத்தவர் பேரும் தெரியாது. தொகுப்பித்தவன் பேர் மட்டும் பத்திரமாக இருக்கிறது: பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி, பட்டப் பேரோடு. பாடியவர் பழங்கயிறாகத் தேய, செலவு செய்தவர் நிலைக்கிறார். வகுப்பில் இதை ஒரு சுவையான செய்தியாகச் சொல்லிக் கடந்து போனார்கள். கம்பெனிக்காரர் 'பெயர் வெளியிடுவது எங்கள் விருப்பம்' என்று எழுதும்போது பழைய பழக்கத்தைத்தான் புது மொழியில் எழுதுகிறார்.

ஆனால் இந்த இடத்தில் நாட்டின் சட்டம் கம்பெனி பக்கம் இல்லை. 1957ஆம் வருசப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும் 'இது நான் எழுதியது' என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்கிறது. தன் பேருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் உண்டு. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்க உரிமை கொடுத்திருந்தார். படம் நாவலைச் சிதைத்துவிட்டது என்று வழக்குப் போட்டார். விற்றவர் வாய் திறக்கக்கூடாது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. 57ஆம் பிரிவு ஒப்பந்தத்துக்கு மேலே நிற்கிறது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 1986இல் சொன்னது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

19ஆம் பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 வருசம்தான். நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள்தான். வாங்கியவர் 1 வருசத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும், அது காலாவதி. ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, தனியாகக் குறிப்பிடாமல் உரிமை போகாது என்று 2012 திருத்தம் சேர்த்தது. இப்போது போட்டி விதியைத் திரும்பப் படியுங்கள். 'என்றென்றைக்கும்', 'உலகம் முழுவதும்', 'இனி வரப்போகும் ஊடகங்களிலும்'. ஒவ்வொரு சொல்லும் சட்டம் நமக்காகத் திறந்துவைத்த ஒரு கதவை அடைக்கப் போட்டது. வக்கீல் வைத்து எழுதியிருக்கிறார்கள். நாம் கண்ணாடி போட்டாவது படிக்க வேண்டாமா?

4

"யாரும் கழுத்தைப் பிடித்து அனுப்பச் சொல்லவில்லையே, விருப்பப்பட்டுத்தானே அனுப்பினாய்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி நமக்குப் புதுசு இல்லை. கொத்தடிமையையும் இப்படித்தான் கேட்டார்கள். 1976ஆம் வருசக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கைநாட்டு வைத்த ஒப்பந்தமே ஆனாலும் செல்லாது என்றது. பசித்தவனின் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்று அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

பஞ்சமி நிலத்தையும் பாருங்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892இல் அரசாணை வந்தது. கொடுத்த நிலத்தை 10 வருசத்துக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். ஏன்? ஒரு மூட்டை நெல்லுக்கும் ஒரு கல்யாணச் செலவுக்கும் எழுதி வாங்கிவிடுவான் மிராசு என்று தெரிந்ததால். அந்த நிபந்தனையையும் மீறி நிலம் பறிபோனது. அதை மீட்கப் போய்த்தான் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஆனாலும் கேட்பதற்கு நமக்கு ஒரு பிடி இருக்கிறது என்றால், அது 'விற்றாலும் செல்லாது' என்ற அந்த ஒரு வரிதான்.

படைப்புக்கும் அந்த ஒரு வரி வேண்டும் என்பதுதான் என் வாதம். கேட்டால் கிடைக்காதது இல்லை. சினிமாப் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனி உரிமை மிஞ்சாதபடி 1977இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 35 வருசம் போராடி, 2012 திருத்தத்தில் அவர்களின் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்தாலும் செல்லாது என்று எழுத வைத்தார்கள். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காகப் பேசினார். போட்டிக்கு அனுப்பும் கதைக்கும் கவிதைக்கும் ஓவியத்துக்கும் அப்படிக் காவல் இல்லை. கேட்பதற்குச் சங்கமும் இல்லை.

உரிமையை வாங்காமல் போட்டி நடத்தவே முடியாது என்பதும் பொய். அமேசானின் 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் 2018இல் தமிழும் சேர்ந்தது. மின்நூலை 90 நாள் வேறெங்கும் விற்கக்கூடாது என்றார்கள். பதிப்புரிமை எழுதியவரிடமே இருந்தது. விற்பனையும் வாசகர் மதிப்பீடும் பரிசைத் தீர்மானித்தால் ஆள்பலம் உள்ளவர்தான் ஜெயிப்பார் என்ற சண்டை எனக்கு அதில் உண்டு. அது வேறு சண்டை. அவ்வளவு பெரிய வியாபாரியே சொத்தை எழுதி வாங்காமல் போட்டி வைத்தான் என்பது இங்கே போதும்.

நாம் கேட்க வேண்டியவை: பரிசு பெறாத படைப்பில் கம்பெனிக்கு எந்த உரிமையும் கூடாது. பரிசு பெற்றதிலும் போட்டியை ஒட்டிய வெளியீட்டுக்கு மட்டும், காலம் குறித்து, அனுமதி. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி ஒப்பந்தம், தனிக் காசு. பேர் போட்டே ஆக வேண்டும். ஊர்ப்பாட்டு என்றால் பாடியவர் பேரோடு ஊர்ப்பேரும் வர வேண்டும், அந்தப் பாட்டை ஊர் பாடுவதை யாரும் தடுக்கக்கூடாது. விதிகள் தமிழில், பரிசுத் தொகை அச்சான அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். இது தொண்டு நிறுவனங்களுக்கும் நம் அமைப்புகள் நடத்தும் போட்டிகளுக்கும் சேர்த்துத்தான். நம்ம ஆளு எழுதி வாங்கினாலும் அது எழுதி வாங்கியதுதான்.

வெளிநாட்டில் புகைப்படக்காரர்கள் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் பில் ஆஃப் ரைட்ஸ்' என்று ஓர் உரிமைப் பட்டியல் எழுதி, அதை மதிக்கும் போட்டி எது, உரிமையைப் பறிக்கும் போட்டி எது என்று பிரித்து அறிவித்தார்கள். அதை நம் சிறுபத்திரிகைகளும் செய்யலாம். உங்கள் கைக்கு வரும் போட்டிப் படிவங்களை, கீழே இருக்கும் சின்ன எழுத்து தெரியும்படி நகல் எடுத்து இந்த இதழுக்கு அனுப்புங்கள், தோழர்களே. வரிவரியாகப் படித்து, எதில் கையெழுத்துப் போடலாம், எதைக் கிழித்துப் போடலாம் என்று எழுதுவோம்.