மிளகளவு தெர்மிஸ்டர்
புனேயின் ஹிஞ்சவடி ஐடி பார்க்கை ஒட்டிய வாகடில், பாத்திரம் கழுவும் மெஷின் 'வெப்பநிலை சென்சார் கோளாறு' என்றால் மெக்கானிக்குக்குத்தான் முதல் போன். அதற்குமுன் அந்த சென்சாரை, அதாவது தெர்மிஸ்டரைப் பார்த்துவிடுங்கள், ரசிக்க வேண்டிய பொருள். உள்ளே மிளகளவு மணி, இரண்டு ஒயர், அவ்வளவே. சூடு ஏற ஏற மின்தடை இறங்கும். வெள்ளி சல்பைடில் இந்தக் குணத்தை ஃபாரடே 1833-லேயே கண்டுவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை அடைத்து, சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் மாட்டுங்கள். பல மாடல்களில் 25 டிகிரியில் சுமார் 10 கிலோ ஓம் இருக்கும். உலோக முனையை மட்டும் வெந்நீர் டம்ளரில் முக்கினால் எண்கள் சரசரவென்று சரியும். எனக்கு அலுக்காத வேடிக்கை! சரிந்தால் சென்சார்மேல் பெரும்பாலும் பழியில்லை. பச்சை பூத்த கனெக்டரையோ எலி கடித்த ஒயரையோ தேடுங்கள். எலிக்கு எந்த ஊரில் பஞ்சம்?